மலையில் நீண்ட தூரம் ஓட எந்த ஷூ வாங்கலாம்?

ஆல்ப்ஸில் மோண்ட் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி போன்ற, சுமார் 170 கி.மீ. ஓட்டங்களுக்கு எந்த ஷூ சரி என்று கேட்டிருக்கிறீர்கள். பிராண்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் அளவு. அந்தப் பாதையில் ஏற்றம் மட்டும் கிட்டத்தட்ட 10,000 மீட்டர். ஏறிய அத்தனையும் இறங்கியாக வேண்டும். இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கி, பெருவிரல் நகம் ஷூவின் நுனியில் இடித்துக்கொண்டே இருக்கும். நகம் கறுத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். பல மணி நேரம் ஓடினால் பாதமும் வீங்கும். அதனால் மாலையில், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு கடைக்குப் போங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் மட்டும் அசையவே கூடாது. அசைந்தால், கணுக்காலோரம் இருக்கும் கடைசித் துளையிலும் லேஸைக் கோத்து இறுக்கிப் பாருங்கள்.

பிடிப்புக்காக ஷூவின் அடிப்பக்கத்தில் இருக்கும் பற்கள் 4-5 மி.மீ. ஆழம் இருந்தால் பாறைக்கும் மண்ணுக்கும் போதும். சேற்றுக்குத்தான் இன்னும் ஆழம் வேண்டும்.

கோர்டெக்ஸ், அதாவது தண்ணீர் புகாத சவ்வு வைத்த ஷூ? நீண்ட ஓட்டத்துக்கு வேண்டாம் என்பேன். ஓடையில் கால் வைத்தால் தண்ணீர் மேல்வழியாக உள்ளே போய்விடும், அப்புறம் எளிதில் வெளியேறாது. ஈரத்தில் ஊறிய பாதம் சீக்கிரம் கொப்பளித்துவிடும். வலைத்துணி ஷூ நனைந்தாலும் ஓட ஓட வடிந்துவிடும்.