கருமிளகும் சிவப்பு மிளகாயும்

கேள்வி: முதல் உலகப்போரில் பிரான்ஸ் சென்ற இந்தியச் சிப்பாய்கள், தாங்கள் பட்ட பாட்டை வீட்டுக்கு வெளிப்படையாக எழுத முடிந்ததா?

பதில்: முடியவில்லை. 1914 செப்டம்பர் இறுதியிலிருந்து மார்சேய் துறைமுகத்தில் வந்திறங்கிய லாகூர், மீரட் டிவிஷன்கள் என்ற இந்தியப் படைப்பிரிவுகளின் வீரர்கள், வெயில் நாட்டுக்கென்று தைத்த மெல்லிய காக்கி உடையோடு, பனியும் சேறும் நிறைந்த பதுங்குகுழிகளில் அந்த ஆண்டின் குளிரை எதிர்கொண்டார்கள். கம்பளி உடைகள் தாமதமாகவே வந்து சேர்ந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பலர், தெரிந்த தோழரிடம் சொல்லிக் கடிதம் எழுதச் செய்தார்கள். அக்கடிதங்களை ராணுவத் தணிக்கையாளர்கள் படித்துப் பார்த்த பிறகே அனுப்பினார்கள்.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல நம் சிப்பாய்கள் வழி கண்டார்கள். கருமிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகாயைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருவர் எழுதினார். கருமிளகு என்றால் இந்திய வீரர்கள், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளையர்கள். சமையற்கட்டுச் சரக்கைப் பேசுவதுபோல மரணக் கணக்கை ஊருக்குத் தெரிவித்த அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் என் நெஞ்சு கனக்கிறது.

காயமுற்றவர்களுக்காக இங்கிலாந்தின் பிரைட்டன் அரண்மனையே மருத்துவமனையாக்கப்பட்டது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்களும், வெவ்வேறு சமூகத்தாருக்கெனத் தனிச் சமையற்கூடங்களும் அங்கே இருந்தன. உடல் தேறியவர்களில் பலரை மீண்டும் போர்முனைக்கே அனுப்பியது அவர்களை மிகவும் வாட்டியது. 1915 இறுதியில் காலாட்படைப் பிரிவுகளில் பெரும்பாலானவை பிரான்ஸை விட்டு, இன்றைய இராக்கான மெசபடோமியாவுக்குக் கப்பலேறின.