முஸ்லிம் உடுப்பு யாருக்கு?

அன்புள்ள ஐயா,

நான் யாழ்ப்பாண நகரத்துக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் நாலாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். சுற்றாடல் பாடத்தில் நமது நாடு, பல இன மக்கள், அவர்களின் பண்பாடு என்றெல்லாம் வரும். பெப்ரவரி 4 சுதந்திர தின நிகழ்ச்சிக்கு அதிபர் ஒரு பொறுப்புத் தந்திருக்கிறார். நாலு பிள்ளைகள் சிங்களவர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் உடுப்பில் மேடைக்கு வந்து கைகோத்தபடி பாட வேண்டும். என் வகுப்பில் ஒரேயொரு முஸ்லிம் பிள்ளை இருக்கிறாள். அவளையே முஸ்லிமாக விடுவதா, இல்லை அந்த உடுப்பை வேறு பிள்ளைக்குக் கொடுப்பதா? இரண்டும் சரியாகப் படவில்லை. சில பெற்றோர் 'எங்கட பிள்ளைக்குச் சிங்கள உடுப்பு வேண்டாம்' என்கிறார்கள். இதற்கிடையில் ஒரு பையன் கொடியைப் பார்த்து, 'ரீச்சர், சிங்கத்தின்ர கையில ஏன் வாள்? நாங்கள் ஏன் கோட்டுக்கு வெளியில நிக்கிறம்?' என்று கேட்டான். சிரித்துச் சமாளித்துவிட்டேன். தேசிய அடையாளத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? வாசிக்கப் புத்தகங்களும் சொன்னால் உதவியாக இருக்கும். என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வராவிட்டாலும் இதை எழுதியிருப்பேன். இந்த நாலு உடுப்பு விவகாரம் கனநாளாக எனக்குள் புகைந்துகொண்டிருக்கிறது. எத்தனை பாடசாலை விழாக்களில் முன்வரிசையில் மாலையோடு இருந்து இதைப் பார்த்துக் கைதட்ட வேண்டி வந்திருக்கிறது தெரியுமா?

முதலில் கொடியை முடித்துவிடுவோம். சிரித்துச் சமாளித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் செய்திருக்கக் கூடாது. அந்தப் பையன் கேட்டதைத்தான் சுதந்திரத்துக்குப் பிறகு தேசியக் கொடிக் குழுவிலிருந்த செனற்றர் எஸ். நடேசனும் கேட்டார். முஸ்லிம்களைக் குறிக்கிற பச்சைக் கோடும் தமிழரைக் குறிக்கிற செம்மஞ்சள் கோடும் சிங்கம் நிற்கிற கட்டத்துக்கு வெளியில் நிற்கின்றன, இது ஒற்றுமையின் சின்னம் அல்ல என்பது அவருடைய வாதம். அதே குழுவிலிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் சம்மதித்தார், நடேசன் சம்மதிக்கவில்லை. எங்கள் பெரிய அப்புக்காத்துமாரே, அதுதான் வழக்கறிஞர்களே, ஒத்துப்போகாத விஷயத்தில் ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை தானாக மூக்கை நுழைத்திருக்கிறான் என்றால் அவனுக்கு ஒரு நல்ல பேனை வாங்கிக் கொடுங்கள், காசு நான் தருகிறேன். அவனுக்கு இந்த வரலாறு முழுக்க வேண்டியதில்லை. 'நல்ல கேள்வியடா, பெரிய ஆக்களும் இதைக் கேட்டுச் சண்டை பிடிச்சவை, இன்னும் முடியேல்லை' என்றால் போதும். நாடு என்பது முடிந்துபோன விஷயம் இல்லை என்பது அந்த வயதிலேயே அவனுக்குத் தெரியட்டும்.

பெற்றோரின் முறைப்பாட்டை விடுங்கள். ஒசரி என்கிற சிங்களச் சேலை கட்டியதால் எந்தப் பிள்ளையும் மாறிப்போனதில்லை.

இனி உடுப்பு. பறங்கியர், அதுதான் ஐரோப்பியர் வழிவந்தவர்கள், என்று எதைப் போடப் போகிறீர்கள்? ஒரு தொப்பியும் கவுணும். அந்தக் கவுணைத்தான் உங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பிறந்தநாளுக்குப் போடுகிறார்கள். வேட்டியும் திருநீறும் தமிழர் என்றால், பாசையூரில் இருந்தும் குருநகரில் இருந்தும் வருகிற கத்தோலிக்கப் பிள்ளை யார்? சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, பிறகு கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்து குடியேறிய மலையகக் குடும்பத்துப் பிள்ளைக்கு எந்த உடுப்பு? மேடையில் அதற்கு இடமே இல்லை. சாமான் அலுமாரியில் நாலு பொம்மையை அடுக்கிவைத்துக் கண்ணாடியைப் பூட்டுகிற வேலை இது. பிள்ளை இதிலிருந்து படிப்பது ஒன்றைத்தான்: வேறு ஆட்கள் என்றால் வேறு உடுப்புப் போடுகிறவர்கள், எங்கேயோ கண்டியிலும் கொழும்பிலும் இருக்கிறவர்கள், வருஷத்துக்கு ஒருதரம் வந்து கைகோத்துவிட்டுப் போகிறவர்கள்.

எனக்கு ஐந்தாம் வகுப்பில் தமிழ் படிப்பித்தவர், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவைச் சேர்ந்த ஒரு வாத்தியார். தொப்பியும் போடமாட்டார், தாடியும் இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளை நஷனல் சட்டை, சைக்கிள். ரகர றகரம் பிழைத்தால் பிரம்பு பேசும். ஒருநாள் 'கரி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கறி' என்று எழுதிவிட்டு வாங்கிய அடி இப்போதும் உள்ளங்கையில் சுடுகிறது. அவர் முஸ்லிம் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை, வெள்ளிக்கிழமை நேரத்தோடு போவார், அன்றைக்கு எங்களுக்குக் கொண்டாட்டம், அவ்வளவுதான். அவரைக் காட்டி 'இதுதான் பன்முகப் பண்பாடு' என்று யாராவது சொல்லியிருந்தால் சொன்ன ஆளுக்கும் அடி விழுந்திருக்கும். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் யாழ் இந்துக் கல்லூரியில் படித்துத்தான் முஸ்லிம்களில் முதலாவது சிவில் சேவை அதிகாரியாகவும், பிறகு கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபராகவும் ஆனவர். உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? பிள்ளைகளை விடுங்கள், உங்கள் ஆசிரியர் அறையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. 1990 ஒக்ரோபர் 30. இந்த நகரத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். சில நூறு ரூபாவுக்கு மேல் கொண்டுபோக விடவில்லை. நகைகளைக் கழற்றி வாங்கினார்கள். அந்த ஒக்ரோபரில் வடக்கு முழுவதிலுமாக 70,000 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலானோர் புத்தளத்துக்கு. எங்கள் வாத்தியாரும் அதில் ஒருவர். அங்கே ஓலைக் கொட்டிலில் இருந்தபடி, பார்க்கப் போன ஒருவரிடம் 'இப்ப அஞ்சாம் வகுப்புக்கு இலக்கணம் ஆர் எடுக்கிறது?' என்றுதான் முதலில் விசாரித்தாராம். திரும்பி வரவில்லை.

உங்கள் வகுப்புப் பிள்ளையின் குடும்பமும் அநேகமாகப் புத்தளத்தில் இருந்து திரும்பி வந்ததாக இருக்கும். நீங்கள் அதை எழுதவில்லை. கேட்டீர்களா என்றும் தெரியவில்லை. அவளுடைய உம்மும்மா, எங்கள் வாயில் அம்மம்மா, நடந்த தெருவில்தான் உங்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது தங்கச்சி, அவளுக்கு என்ன உடுப்பு என்று என்னிடம் கேட்கிறீர்கள்!

கோபிக்காதீர்கள். கோபித்தாலும் பரவாயில்லை, மேலே வாசியுங்கள்.

சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1995இல், அதே ஒக்ரோபர் 30 அன்று, இராணுவம் நெருங்கி வர, யாழ் நகரமும் அதைச் சுற்றிய வலிகாமப் பகுதியும் ஒரே இரவில் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தன. மழைக்குள், நாவற்குழிப் பாலத்தில் காலடி வைக்க இடமில்லாமல். உங்கள் வகுப்பில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இந்தக் கதையை அம்மம்மாவிடம் கேட்டிருப்பார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டது, கிழவியைச் சைக்கிளில் வைத்து உருட்டியது, திறப்பை மடிக்குள் முடிந்தது. இதை வைத்துச் சிலர் 'பார், அவர்களுக்குச் செய்தது எங்களுக்கு வந்தது' என்று சாபக்கணக்குப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்காது, நடந்து போன கிழவி என்ன பாவம் செய்தாள்? ஆனால் வகுப்பறைக்கு அந்தத் தேதி ஒரு நல்ல பிடி. உங்கள் அம்மம்மாமார் வீட்டை விட்டுப் போனபோது எதைக் கொண்டுபோனார்கள், எதை விட்டுப் போனார்கள் என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளும், அவளும். திருத்தி மினுக்காமல் வகுப்பில் வாசிக்கவிடுங்கள். 'எங்கட அம்மம்மாவும் அப்பிடித்தான்' என்று யாரோ ஒரு பிள்ளை சொல்லும், நீங்கள் சொல்லத் தேவை வராது.

ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடவும் கூடாது, அது இன்னொரு ஏமாற்று. வலிகாமத்தில் இருந்து போனவர்களில் கனபேர் அடுத்த வருஷமே திரும்பிவிட்டார்கள். சோனகத் தெருவுக்குப் பெரும்பாலானவர்கள் திரும்பப் பார்க்க 2009 தாண்டியது, வந்தபோது வீடுகளில் கூரையில்லை. அதோடு அவர்களை அனுப்பியது வெளியாள் இல்லை. 'ஆர் ரீச்சர் போகச் சொன்னது?' என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அப்போதும் சிரித்துச் சமாளிக்காதீர்கள். 'எங்கட பக்கத்தில துவக்கு வைச்சிருந்தவை. மிச்ச ஆக்கள் கனபேர் பேசாமல் இருந்தவை' என்று சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்கும். பயந்து பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி வருஷாவருஷம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். அதைச் சொல்கிற வாய் இதையும் சொன்னால்தான் பிள்ளை எங்களை நம்பும்.

தேசிய அடையாளம் என்று கேட்டிருந்தீர்கள். அதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை, உண்மையைச் சொல்கிறேன். கொழும்பில் இருந்து வருகிற சுற்றறிக்கையில் வரும்போது அது எங்களைக் கீறிக் கோட்டுக்கு வெளியில் வைப்பதற்கான பெயராகத்தான் கனகாலம் இருந்தது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் போட்டவர்களும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். ஆனால் 1924இல் இதே யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வாலிபர் காங்கிரஸ் காலத்தில் ஒரே நாடு என்ற ஆசை இங்கிருந்துதான் கொழும்புக்குப் போனது. ஹன்டி பேரின்பநாயகம் என்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் அவருடைய கூட்டாளிகளும் இலங்கைக்கு முழுச் சுயராச்சியம் கேட்டார்கள், 1927இல் காந்தியைக் கூப்பிட்டு வந்தார்கள், பிரித்தானியர் தந்த அரைகுறைச் சுயராச்சியம் போதாது என்று 1931 தேர்தலையே குடாநாட்டில் நடக்கவிடாமல் செய்தார்கள். அந்தக் கதையை உங்கள் பாடத்துக்குள் எப்படியாவது நுழையுங்கள். அவர்கள் முதலில் கைவைத்தது எதில் தெரியுமா? சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவதில். அதற்கு ஊரில் எதிர்ப்பும் வந்தது.

இன்றைக்கும் பெப்ரவரி 4 அன்று சிங்களவரோடு கைகோக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பின்னேரம் வீட்டில் 'அந்தக் குறிச்சிப் பெட்டையோட விளையாடு, ஆனால் அங்க தண்ணி வாங்கிக் குடியாத' என்று சொல்லிவிடுகிறோம். உங்கள் வகுப்பில் இல்லை என்று சொல்லாதீர்கள், நான் நம்பமாட்டேன். இடைவேளையில் யார் யாரோடு சாப்பாட்டுப் பெட்டியை மாற்றுகிறார்கள் என்று ஒரு கிழமை சும்மா பார்த்துக்கொண்டிருங்கள்.

புத்தகப் பட்டியல் தனியாக அனுப்புகிறேன், இங்கே போட்டால் நீளும்.

உங்கள் நிகழ்ச்சிக்கு வருகிறேன். அதிபர் நாலு உடுப்பை விடமாட்டார் என்றால் அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம், உங்களுக்கு அங்கே வேலை பார்க்க வேண்டும். உடுப்புகளை மேசையில் வைத்துப் பிள்ளைகள் தாங்களே எடுக்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அதிபர் சொன்னது இருக்கிறது, பெற்றோர் சொன்னது இருக்கிறது, அந்தப் பையன் கேட்டதுகூட இருக்கிறது, அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று ஒரு வரியும் இல்லை. நாளைக்கே கேளுங்கள். அவளுக்கு மயிலாக வரத்தான் விருப்பம் என்றால் மயிலாக வரட்டும், தோகைக்கு மட்டை வெட்டித் தர ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.