வாசகர் கேள்வி – பதில்: ஜெரி கோல் என்ற பெயரைத் தேடி

1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியக் கடற்கரையில் பிறந்த, கிட்டாரை முன்னிறுத்தும் சர்ஃப் இசையைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், ஜெரி கோல் என்ற கிட்டார் கலைஞரின் பெயர் ஒரே ஒரு வரியில் வந்து போனது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே பதிலுடன் வெளியாகின்றன.

கேள்வி: ஜெரி கோல் யார்? சர்ஃப் இசை என்றதும் கிட்டார் கலைஞர் டிக் டேல், வென்ச்சர்ஸ் குழு என்று அடுக்குபவர்கள்கூட இவரைச் சொல்வதில்லையே?

பதில்: 1939-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரில் பிறந்து, லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் பல ஆண்டுகள் வாசித்து, 2008 மே மாதத்தில் கலிஃபோர்னியாவில் மறைந்தவர் ஜெரி கோல். தொடக்கத்தில் சாம்ப்ஸ் என்ற வாத்தியக் குழுவில் இருந்தார். பின்னாளில் பாடகராகப் பெரும் புகழடைந்த கிளென் காம்ப்பெலும் அதே குழுவில் வாசித்தவர்தான். இருவரும் அதன் பிறகு ஸ்டூடியோ வேலைக்கு வந்தார்கள்; பிறருடைய இசைத்தட்டுகளுக்கு மணிக்கணக்கில் வாசித்துக் கொடுத்து ஊதியம் பெற்றார்கள். காம்ப்பெலுக்குக் குரல் இருந்தது. 1967-க்குப் பிறகு அந்தக் குரல் அவரைக் கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டது. கோலுக்கு அப்படி ஒரு வாசல் திறக்கவில்லை.

சர்ஃப் இசைக்கு அவருடைய நேரடிப் பங்களிப்பு, கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ‘ஜெரி கோல் அண்ட் ஹிஸ் ஸ்பேஸ்மென்’ என்ற பெயரில் செய்த மூன்று ஆல்பங்கள்: 1963-இல் ‘அவுட்டர் லிமிட்ஸ்’, 1964-இல் ‘ஹாட் ராட் டான்ஸ் பார்ட்டி’, அதே ஆண்டில் ‘சர்ஃப் ஏஜ்’. இவற்றில் முதலாவதையும் மூன்றாவதையும் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த சர்ஃப் தட்டுகளின் வரிசையில் தயங்காமல் வைப்பேன். இரண்டாவது, அப்போது கார் மோகத்தை நம்பி எல்லா நிறுவனங்களும் அவசரமாக வெளியிட்ட ரகத்தைச் சேர்ந்தது.

கேள்வி: ‘டெக்கீலா’ பாடலில் கேட்கும் கிட்டார் இவருடையதா?

பதில்: இல்லை. சாம்ப்ஸ் குழுவின் அந்தப் பாடல் 1958-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கோலும் காம்ப்பெலும் அதற்குப் பின்னரே குழுவில் சேர்ந்தவர்கள்.

கேள்வி: சர்ஃப் கிட்டாரின் அந்த ஈரமான ஓசை எப்படி உண்டாகிறது? அதைக் கோல் எப்படிக் கையாண்டார்?

பதில்: அந்த ஓசைக்குப் பின்னால் இருப்பது ஃபெண்டர் நிறுவனம் 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தனி ரிவெர்ப் (எதிரொலி) பெட்டி. கிட்டாரிலிருந்து வரும் மின்சைகை பெட்டிக்குள் இழுத்துக் கட்டப்பட்ட சுருள்வில்லின் ஒரு முனையை அதிரச் செய்யும். அந்த அதிர்வு மறுமுனைக்குப் போய், எதிரொலித்துத் திரும்பி, கொஞ்சம் தாமதித்துச் சிதறிய நிலையில் மீண்டும் மின்சைகையாக எடுக்கப்பட்டு மூல ஒலியுடன் கலக்கப்படும். பெட்டியின் முகப்பில் மூன்றே குமிழ்கள். ‘டுவெல்’ என்பது சுருள்வில்லை எவ்வளவு பலமாக அதிரவிடுவது என்பதையும், ‘மிக்ஸர்’ என்பது அந்த ஓசை எவ்வளவு கலக்க வேண்டும் என்பதையும், ‘டோன்’ என்பது அதன் கூர்மையையும் தீர்மானிக்கும். பிற்பாடு ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே ரிவெர்ப் வைத்துத் தயாரித்தார்கள் என்றாலும், ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் இணைக்கப்படும் இந்தத் தனிப் பெட்டி தரும் சொட்டும் ஓசையை அது தருவதில்லை என்பதே சர்ஃப் கலைஞர்களின் பொதுவான கருத்து.

ஆனால் பெட்டி மட்டும் போதாது. டிக் டேலின் ‘லெட்ஸ் கோ டிரிப்பின்’ 1961-இல் வெளிவந்தபோது அதில் ரிவெர்ப் கிடையாது. ஆனாலும் சர்ஃப் வாத்திய இசையின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். வலது கைதான் முக்கியம். கம்பியை மீட்டும் சிறு தகடான பிளெக்ட்ரத்தைக் கீழும் மேலுமாக இடைவிடாமல் ஓட்டி ஒரே சுரத்தை நறுக்கி நறுக்கிக் கொடுக்க வேண்டும். அதே நேரத்தில் உள்ளங்கையின் ஓரம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் அருகே அவற்றை லேசாக அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தம் கூடினால் சுரம் செத்துவிடும், குறைந்தால் ரிவெர்பில் எல்லாம் குழைந்துவிடும். ரிவெர்பைத் தாராளமாகத் திறந்துவைத்துக்கொண்டு வேகமாக வாசிக்கும்போது, ஒவ்வொரு சுரத்தின் எதிரொலியும் அடுத்த சுரத்தின் மேல் ஏறிக்கொண்டே இருக்கும். அமெச்சூர் குழுக்களின் பதிவுகளில் இந்தக் குழப்பத்தைக் கேட்கலாம், அதற்கென்று ஓர் அழகு இருப்பதையும் மறுக்க முடியாது.

கோலிடம் அந்தக் குழப்பம் இல்லை. ‘ரேசிங் வேவ்ஸ்’ என்ற பாடலைக் கேளுங்கள். வேகம் எவ்வளவு ஏறினாலும் ஒவ்வொரு மீட்டலின் தொடக்கமும் தனித்துக் கேட்கும். தடித்த கம்பிகளிலிருந்து மெல்லிய கம்பிகளுக்குத் தாவும் இடத்தில் தாளம் ஒரு மயிரிழைகூடப் பிசகாது. நாள்தோறும் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, தவறினால் மொத்தக் குழுவும் மறுபடியும் வாசிக்க நேரும் என்ற கட்டாயத்தில் பழகிய கை அது.

கேள்வி: கடற்கரை நடன அரங்குகளில் வாசித்த இளைஞர்களின் இசையே உண்மையான சர்ஃப் இசை, ஸ்டூடியோக்காரர்கள் செய்தது வெறும் வியாபாரம் என்று ஒரு கருத்து உண்டே?

பதில்: அந்தக் கருத்தை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன், அதில் பாதி உண்மை. கலிஃபோர்னியக் கடற்கரை ஊரான பால்போவாவின் ரான்டேவூ பால்ரூமில் டிக் டேல் ஆயிரக்கணக்கானோரை ஆடவைத்தபோது பிறந்த சூட்டை, லாஸ் ஏஞ்சலிஸ் கூடத்தில் மூன்று மணி நேர ஒப்பந்தத்துக்கு வந்தவர்கள் உண்டாக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துத் தட்டுகளின் பின்புலம் தெரிந்தால், உண்மை, போலி என்று கோடு போடுவது அவ்வளவு எளிதாக இராது. ‘அவுட் ஆஃப் லிமிட்ஸ்’ மூலம் 1964 தொடக்கத்தில் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை சென்ற மார்க்கெட்ஸ் குழுவின் பெயரில் வந்த பதிவுகள் ஸ்டூடியோ கலைஞர்களின் கைவேலைதான். அதே மாதங்களில் நான்காம் இடத்தை எட்டிய ரிப் கார்ட்ஸின் ‘ஹே லிட்டில் கோப்ரா’வில் பாடியவர்கள் தயாரிப்பாளர் டெரி மெல்ச்சரும் புரூஸ் ஜான்ஸ்டனும். ரிப் கார்ட்ஸ் என்று மேடையேறிய இளைஞர்கள் வேறு.

இந்தத் தட்டுகளை வாங்கி, அவற்றைக் கேட்டு வாசிக்கப் பழகியவர்கள் அந்தக் கடற்கரை இளைஞர்கள்தாம். ஆக, நடன அரங்கும் கூடமும் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டன. என்னைக் கேட்டால், கோலின் சிறப்பே அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் நின்றதில்தான் இருக்கிறது: மேடைக் குழுவில் வாசித்த அனுபவமும் இருந்தது, கூடத்தின் துல்லியமும் இருந்தது.

இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். டிக் டேலும் அப்போது அதே கேப்பிட்டல் நிறுவனத்தில்தான் இருந்தார். ‘சர்ஃப் ஏஜ்’ ஆல்பத்தை வாங்கியவர்களுக்கு டேல் வாசித்த சிறு தட்டு ஒன்றை உறைக்குள் இலவச இணைப்பாக வைத்துக் கொடுத்தார்கள். கோலின் பெயரை வைத்து விற்க முடியும் என்ற நம்பிக்கை நிறுவனத்துக்கே எவ்வளவு இருந்தது என்பதை அந்த இணைப்பு காட்டிக்கொடுக்கிறது. போதாததற்கு, பீட்டில்ஸின் அமெரிக்க வெளியீடுகளும் அதே கேப்பிட்டலிடம் இருந்தன. 1963 டிசம்பர் 26 அன்று அவர்களுடைய ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ வெளியானது. 1964 பிப்ரவரி 9 அன்று அவர்கள் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றினார்கள். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தில் கிட்டார் மட்டும் வாசிக்கும் ஒருவருடைய ஆல்பத்துக்கு யார் விளம்பரச் செலவு செய்வார்கள்?

கேள்வி: இவ்வளவு வாசித்தவரின் பெயர் உறைகளில் ஏன் இல்லை? அவர் கேட்கவில்லையா?

பதில்: கேட்கும் வழக்கமே இல்லை. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் கிளையான 47-ஆம் கிளையின் விதிப்படி, ஒரு ‘செஷன்’ என்பது மூன்று மணி நேரம். அதற்கு ஒரு நிர்ணயித்த ஊதியம். யார் யார் வந்தார்கள், எத்தனை மணி நேரம் வாசித்தார்கள், எவ்வளவு தர வேண்டும் என்பதையெல்லாம் ஒப்பந்தப் படிவத்தில் எழுதுவார்கள். பாடல் கோடிப் பேரைச் சென்றடைந்தாலும் உறையில் வாசித்தவர் பெயர் போட வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. ஒரே நாளில் காலை ஒரு கூடம், மதியம் ஒரு கூடம், இரவு ஒரு கூடம் என்று வேலை இருக்கும்வரை கலைஞர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வட்டத்துக்கு ‘ரெக்கிங் க்ரூ’ என்ற பெயர் பரவியதே 1990-இல் டிரம்ஸ் கலைஞர் ஹால் பிளெய்ன் எழுதிய நினைவுக் குறிப்புக்குப் பிறகுதான். கிட்டாரும் பேஸும் வாசித்த கரோல் கே அந்தப் பெயரை ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

கோலின் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. மலிவு விலைத் தட்டுகளை அங்காடிகளில் குவித்து விற்ற கிரவுன், அல்ஷயர் போன்ற நிறுவனங்களுக்கும் அவர் ஏராளமாக வாசித்தார். அங்கே குழுவின் பெயர் என்பது உறைக்கு ஒட்டும் சீட்டு மட்டுமே. பதிவு செய்த நாடா பணம் கொடுத்தவருக்குச் சொந்தம். அவர் அதை எந்தப் பெயரிலும், எத்தனை முறையும் வெளியிடலாம்.

இதற்கு நல்ல உதாரணம் 1967-இல் ‘தி அனிமேட்டட் எக்’ என்ற பெயரில் வந்த ஆல்பம். உறையில் கோலின் பெயர் இல்லை. ஃபஸ் என்ற கரகரப்பான ஓசையும் சர்ஃப் காலத்து ரிவெர்பும் கலந்த அந்தக் கிட்டார் நாடாக்களை எடுத்து, மேலே வயலின்களைப் பூசி, ‘101 ஸ்ட்ரிங்ஸ்’ என்ற மெல்லிசைக் குழுவின் பெயரில் ‘ஆஸ்ட்ரோ-சவுண்ட்ஸ்’ என்று இன்னொரு ஆல்பமாகவே வெளியிட்டுவிட்டார்கள். ஓய்வுநேர மெல்லிசை என்று நம்பி வாங்கியவர் தட்டை ஓடவிட்டதும் கேட்டது, நெருப்புப் பறக்கும் கிட்டாரை. விண்வெளிக் கற்பனையாக வந்த அந்தத் தட்டைப் பின்னாளில் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். அதில் வாசித்தவர் யார் என்பது அவர்களில் பலருக்கும் வெகுகாலம் தெரியாது.

எல்லாமே மாணிக்கம் என்று சொல்ல மாட்டேன். மலிவுத் தட்டுகளில் கணிசமானவை ஒரே மூச்சில் ஒப்பேற்றியவை; ஒரு பாடலின் மெட்டைச் சற்றே திருப்பிப் போட்டு அடுத்ததற்குப் பெயர் வைத்திருப்பது அப்பட்டமாகத் தெரியும்.

கேள்வி: பேர்ட்ஸ் குழுவின் ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாடலில் இவர் வாசித்தார் என்பது நிச்சயமா?

பதில்: நிச்சயம். 1965 ஜனவரி 20 அன்று கொலம்பியா கூடத்தில் நடந்த அந்தப் பதிவில், குழுவினரில் ராஜர் மெக்வின் மட்டுமே தம்முடைய பன்னிரண்டு கம்பி ரிக்கன்பேக்கர் கிட்டாருடன் வாசித்தார். ரிதம் கிட்டார் ஜெரி கோல், பேஸ் லாரி நெக்டெல், எலெக்ட்ரிக் பியானோ லியான் ரஸல், டிரம்ஸ் ஹால் பிளெய்ன். தயாரிப்பாளர், மேலே சொன்ன அதே டெரி மெல்ச்சர். ஜூன் மாதம் பாடல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எல்லாரும் மெக்வினின் மணியோசையையே கேட்கிறார்கள். அதன் அடியில் ஓடும் வெட்டி வெட்டி வைக்கும் ரிதம் கிட்டாரையும் கவனியுங்கள். கலிஃபோர்னியக் குழுவான பீச் பாய்ஸின் ‘டோன்ட் வொரி பேபி’யின் நடையை ஒட்டியே அது அமைந்தது என்று பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஆக, நாட்டுப்புறப் பாணியும் ராக்கும் கலந்த ஃபோக்-ராக் என்ற புதிய வகையைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் பாடலின் அடித்தளத்தில் இருப்பது கலிஃபோர்னியக் கடற்கரையின் தாளம், அதை வாசித்ததும் ஒரு சர்ஃப் கை.

பீச் பாய்ஸின் 1966-ஆம் ஆண்டு ஆல்பமான ‘பெட் சவுண்ட்ஸ்’ பதிவுகளிலும் கோல் இருந்தார். ‘வுடின்ட் இட் பி நைஸ்’ பாடலுக்கு வாசித்த கிட்டார் கலைஞர்களில் அவரும் ஒருவர். ஆனால் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். சங்கப் படிவங்கள் ஒருவர் அன்று கூடத்தில் இருந்தார் என்பதைச் சொல்லுமே தவிர, எந்தச் சுர வரிசையை வாசித்தார் என்பதைச் சொல்லாது. மூன்று நான்கு கிட்டார்கள் ஒருசேர ஒலிக்கும் இடத்தில் ‘இது கோல்தான்’ என்று அடித்துச் சொல்பவர்களைக் கண்டால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். தம் பங்கைப் பற்றிச் செஷன் கலைஞர்களே பல ஆண்டுகள் கழித்துச் சொன்னவற்றில் முரண்பாடுகள் நிறைய உண்டு.

கேள்வி: புதிதாகக் கேட்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: ‘சர்ஃப் ஏஜ்’ ஆல்பத்தை முதலில் கேளுங்கள், ஹெட்ஃபோனில் அல்லாமல் ஸ்பீக்கரில், சற்றே சத்தமாக. அடுத்து ‘அவுட்டர் லிமிட்ஸ்’. அதன் பிறகு நேராக ‘அனிமேட்டட் எக்’குக்குப் போய்விடுங்கள், மூன்றே ஆண்டுகளில் அதே வலது கை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரியும். கிட்டார் கற்பவராக இருந்தால், ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாடலின் ரிதம் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து வாசித்துப் பாருங்கள். கார்டுகள் (சுரக்கூட்டுகள்) எளியவை, அந்த வெட்டின் நீளத்தைப் பாடல் முடியும்வரை ஒரே அளவில் வைத்திருப்பதுதான் கடினம்.