வியாழன் படத்துக்கு ஏரோஸ்பேஸ் எதற்கு?

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் 2 முடித்திருக்கும் உங்கள் மகள் வியாழன், சனி ஆகிய கோள்கள், நெபுலா எனும் விண்மேகங்கள் என்று மடிக்கணினியே கதியாக இருப்பதையும், அவருடைய தாய்மாமன் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஏரோஸ்பேஸ் இன்ஜினீயரிங் இடத்தை மேலாண்மை ஒதுக்கீட்டில் பேசி வைத்திருப்பதையும், ஆண்டுக்கு 4.5 லட்சம் ரூபாய்க்கு எங்கே போவது என்று நீங்கள் உறக்கமின்றித் தவிப்பதையும் கடிதத்தில் படித்தேன். உங்கள் கவலை நியாயமானதே. ஆனால் பணத்தைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு நீங்கள் பாடத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்த இடத்தை ஏற்க வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை.

மகளின் ஆர்வம் எதில் என்பதைக் கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த படமே சொல்லிவிட்டது. நாசாவின் ஜூனோ விண்கலம் 2016 முதல் வியாழனைச் சுற்றி வருகிறது. அதிலுள்ள ஜூனோகேம் கேமரா எடுக்கும் மூலப்படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கி மெருகேற்றலாம். அந்த மூலக் கோப்பைத் திறந்தால் கோள் எதுவும் தெரியாது. சாம்பல் நிறக் கீற்றுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். கலம் நிமிடத்துக்கு ஏறத்தாழ இருமுறை தன்னைத்தானே சுற்றுவதால், கேமரா முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்காமல், நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகளின் வழியாக 128 பிக்சல் உயரமுள்ள துண்டுகளாகப் பிடிக்கிறது. அந்தத் துண்டுகளை உங்கள் மகள் தானாகவே அடுக்கி, மூன்று நிறங்களையும் சேர்த்து ஒரு வியாழனை உருவாக்கியிருக்கிறார். விளிம்பில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசிந்திருக்கின்றன. கலத்தின் சுழற்சியையும் கோளின் வளைவையும் அவர் இன்னும் கணக்கில் கொள்ளவில்லை. பள்ளி மாணவி ஒருவர் இவ்வளவு தூரம் வந்திருப்பதே பெரிது.

இந்தக் கசிவைச் சரிசெய்யும் கணிதம் ஏரோஸ்பேஸ் வகுப்பின் மையப் பாடம் அன்று. அங்கே காற்றியக்கவியல், உந்துவிசை, கட்டமைப்பு ஆகியவற்றைக் கற்பிப்பார்கள். ராக்கெட்டிலும் விமானத்திலும் மனம் பதிந்த பிள்ளைக்கு அவை அருமையான பாடங்கள். உங்கள் கடிதத்தில் ராக்கெட் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. "ஏரோஸ்பேஸ் படித்தால் நேராக இஸ்ரோ" என்று மைத்துனர் சொல்கிறாராம். இஸ்ரோவின் மையத் தேர்வு வாரியம் விஞ்ஞானி-பொறியாளர் பணிக்கு நடத்தும் எழுத்துத் தேர்வுகள் பெரும்பாலும் எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரிகளுக்கானவை என்பதை அவரிடம் காட்டுங்கள். நாசாவில் அரசு ஊழியராகச் சேர்வதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

ஐ.ஐ.டி., திருவனந்தபுரம் விண்வெளிக் கல்வி நிறுவனம் ஆகியவற்றைப் பற்றி எல்லாப் பயிற்சி மையங்களும் பேசுகின்றன. நான் பேசப் போவதில்லை. யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்று கிண்டியில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோ-இன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது படங்களையும் அளவைகளையும் கொண்டு நிலப்பரப்பை ஆராயும் துறை, என்ற நான்கு ஆண்டுப் படிப்பு உண்டு. நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கும் என 200-க்குக் கணக்கிடும் வழக்கமான கட்-ஆஃப் மதிப்பெண்தான். அதே வளாகத்தின் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கும் கட்-ஆஃபை விட இது குறைவு, அதனாலேயே இதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகிறார்கள். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. இந்தப் பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கருத்து.

அங்கே கற்பிக்கப்படுபவற்றில் போட்டோகிராமெட்ரி ஒன்று: கேமரா எங்கே நின்றது, எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தது என்பதைக் கணக்கிட்டு, படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் தரையின் உரிய இடத்தில் பொருத்தும் கலை. தொலையுணர்தல் (செயற்கைக்கோள் போன்றவற்றிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு தரையை ஆராய்வது), டிஜிட்டல் படச் செயலாக்கம், உருண்டையைத் தட்டையாக்கும் வரைபட வீழ்ப்பு முறைகள் ஆகியவையும் உண்டு. வியாழனின் விளிம்பில் கசிந்த நிறத்துக்கு மருந்து இவற்றில்தான் இருக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் முழு வண்ணப் படங்களை 2022 ஜூலையில் உலகமே வியந்து பார்த்ததே, அவையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுக்கப்பட்டவை. குறுகிய அலைநீளத்துக்கு நீலம், நீண்டதற்குச் சிவப்பு என்று வரிசைப்படுத்தி அவற்றுக்கு நிறம் கொடுத்தவர்கள், பால்டிமோர் விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தின் ஜோ டிபாஸ்குவாலி, அலிசா பகான் போன்ற படச் செயலாக்க வல்லுநர்கள். இது ஒரு தொழில், ஐயா, பொழுதுபோக்கு அன்று. நம் ஊரிலேயே, 2019 செப்டம்பரில் நிலவில் மோதிய விக்ரம் தரையிறங்கியின் சிதறலை, நாசா வெளியிட்ட படங்களை வரிவரியாக ஒப்பிட்டுக் கண்டறிந்தவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அதே ஆண்டு டிசம்பரில் நாசா அவர் பெயரைக் குறிப்பிட்டே அறிவித்தது.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பில் பெரும்பாலான வேலை பூமியைப் பற்றியது: பயிர்ப் பரப்பு, வெள்ளம், நில ஆவணம். வெயிலில் கருவிகளைச் சுமந்து நில அளவை முகாமுக்கும் போக வேண்டும். கோள்களின் படங்களில் மட்டுமே வேலை செய்ய விரும்பினால் மேற்படிப்பு கட்டாயம். பட்டம் பெற்றவுடன் கிடைக்கும் சம்பளம் மென்பொருள் நிறுவனத்தில் சேரும் தோழியின் சம்பளத்தை விடக் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் ஹைதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம், சந்திரயானுக்கும் மங்கள்யானுக்கும் கேமராக்களைச் செய்த அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம், பெங்களூரு பிக்ஸெல் போன்ற தனியார் செயற்கைக்கோள் நிறுவனங்கள் ஆகியவற்றின் அன்றாட வேலை இந்தத் துறையைச் சார்ந்ததுதான்.

பணத்தைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நான்கு ஆண்டுக்குக் கட்டணம் மட்டும் 18 லட்சம், விடுதி தனி. கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். உங்களிடம் இருக்கும் சொத்து நீங்கள் குடியிருக்கும் வீடு மட்டுமே என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மைத்துனரின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை, ஆனால் மாதத் தவணை அவர் கணக்கிலிருந்து போகாது. மகள் கேட்காத பாடத்துக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும்போது கிண்டி ஜியோ-இன்ஃபர்மேட்டிக்ஸை முதலில் வையுங்கள். கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு முதுநிலையில் தொலையுணர்தலுக்கு வரலாம், செலவும் மிகக் குறைவு. பட்டியலை மகளே நிரப்பட்டும், நீங்கள் அருகில் இருந்தால் போதும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டியிருந்தால், பல்கலைக்கழக மானியக் குழுவின் கட்டணத் திருப்ப விதிகளைச் சுட்டிக்காட்டி, சேர்க்கையை ரத்து செய்யும் கடிதத்தையும் ரசீது நகலையும் இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் திரும்பக் கிடைக்கும் தொகையைக் குறைத்துவிடக்கூடும்.