பின்வளவில் கரைக்கல் வந்தது எப்படி?

கேள்வி: போன வருடம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கினோம். கத்தரி, மிளகாய் நடலாம் என்று பின்வளவைக் கிண்டினால், இரண்டடிக்குக் கீழே குருமணலும் வழுவழுத்த கூழாங்கற்களும்தான் வருகின்றன. மூன்று தெரு தள்ளியிருக்கும் அக்கா வீட்டிலோ மண்வெட்டி இறங்காத களி. ஏரி இங்கிருந்து வெகுதூரம். வீடு கட்டியவர்கள் கொட்டிய கல்லா இது? பேஸ்மென்ற்றுக்குள் தண்ணீர் வருமா?

பதில்: கொட்டிய கல் என்றால் செங்கல் துண்டும் கொங்கிறீற் உடைசலும் கூர்விளிம்புச் சல்லியும் கலந்து கிடக்கும். நீங்கள் எழுதியிருப்பது அப்படித் தெரியவில்லை. அது பழைய ஏரிக்கரையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோவின் மேல் ஒரு கிலோமீற்றருக்கும் அதிக தடிப்பில் பனிப்பாளம் கிடந்தது. அது உருகி வடக்கே பின்வாங்கியபோதும் சென் லோரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பனி அடைத்தபடியே இருந்தது. வழியில்லாத உருகுநீர் தேங்கி ஏறி, இன்றைய நியூயோர்க் மாநிலத்தின் மோஹோக் பள்ளத்தாக்கு வழியாக ஹட்சன் ஆற்றுக்கு வழிந்தது. ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன் இருந்த அந்த ஏரியைத்தான் இரோக்குவாய் ஏரி என்கிறோம். பனி விலகி அந்தப் பள்ளத்தாக்கு திறந்ததும் நீர்மட்டம் மளமளவென்று இறங்கியது. கரை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

டேவன்போர்ட் வீதியில் போயிருப்பீர்கள். அந்த வீதி வளைந்து வளைந்து போவதற்குக் காரணம், அது அந்தக் கரைமேட்டின் அடிவாரத்தை ஒட்டி முதற்குடிகள் நடந்த பாதை என்பதுதான். காசா லோமா மாளிகை மேட்டின் உச்சியில் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் உள்ள போல்ட்வின் படிகளில் ஏறுகிறவர் ஏரியின் அடிப்பக்கத்திலிருந்து கரைக்கு ஏறுகிறார். எனக்கு அந்த இடத்தில் மூச்சு வாங்குவதும் பிடிக்கும்.

உங்கள் வீடு அந்தக் கரையில் எங்கே இருக்கிறது என்பதுதான் இப்போது முக்கியம். கூகிள் ஏர்த்தில் உங்கள் வளவின் மேல் சுட்டியை வையுங்கள், கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் என்று காட்டும். ஒன்ராறியோ ஏரி சுமார் 75 மீற்றரில் இருக்கிறது. பழைய கரை ரொறன்ரோப் பகுதியில் அதைவிட ஏறத்தாழ 50 முதல் 60 மீற்றர் மேலே. பனியின் பாரம் நீங்கியதும் வடகிழக்குப் பக்கத்து நிலம் கூடுதலாக எழும்பியதால் கரைக்கோடும் சாய்ந்துவிட்டது. ஹமில்ரனில் தாழ்ந்தும் இங்கே உயர்ந்தும் இருக்கும். ஆகவே உங்கள் உயரம் 125-க்கும் 135-க்கும் இடையில் வந்தால் நீங்கள் கரையிலேயே குடியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே என்றால் பழைய ஏரியின் அடித்தரை. நன்றாக மேலே என்றால் உங்கள் மணல் பனியாறு உருகி ஓடிய காலத்து ஆற்று மணலாகவும் இருக்கலாம். ஒன்ராறியோ புவியியல் அளவைத் துறையின் மேற்பரப்பு மண் வரைபடங்கள் இலவசம். அவற்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு ஒரு பிடி கல்லைக் கழுவி உள்ளங்கையில் வையுங்கள். அலை உருட்டிய கல் பருமனில் ஒன்றுக்கொன்று கிட்டமுட்ட ஒத்திருக்கும். வடை மாதிரித் தட்டையானவையும் கிடைக்கும். பனி இழுத்துவந்த மண்ணில் பெரிதும் சிறிதும் களிக்குள் புதைந்திருக்கும். சில கற்களின் ஒரு பக்கம் மட்டும் சீவியதுபோல் இருந்து, ஆணியால் கீறிய மாதிரி இணைகோடுகள் தெரியும். அக்கா வீட்டில் இருப்பது இதுவாக இருக்கலாம். கல்லே இல்லாத வழுக்குக் களி என்றால் ஏரியின் ஆழத்தில் படிந்தது. உங்கள் கற்களுக்குள் இளஞ்சிவப்புக் கருங்கல் இருந்தால் எடுத்து வையுங்கள். அந்தப் பாறை இந்தப் பக்கத்தில் தரைக்கு மேலே வருவதே இல்லை, நூறு கிலோமீற்றருக்கு அப்பால் வடக்கிலிருந்து பனி சுமந்து வந்தது.

இனித் தண்ணீர். மணல் தண்ணீரை விழுங்கிவிடும், அதனால் பயமில்லை என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. மணலுக்கு அடியில் களி இருந்தால் தண்ணீர் அதன்மேல் நின்று பக்கவாட்டில் நகரும். ஏரிக்கரையில் உள்ள புளஃபர்ஸ் பூங்காவில் நின்று, செங்குத்தாக எழும் ஸ்காபரோ மலைமுகட்டை அண்ணாந்து பாருங்கள். மணல் முடிந்து களி தொடங்கும் இடத்தில் ஈரக்கறுப்பாக ஒரு கோடு ஓடும், அங்கிருந்துதான் நீர் கசிகிறது. உங்கள் அத்திவாரம் அப்படியொரு கோட்டுக்குக் குறுக்கே இருந்தால் பனி கரையும் மார்ச், ஏப்ரலில்தான் தெரியவரும்.

வளவில் ஒரு முழ ஆழக் குழி தோண்டி, வாளித் தண்ணீர் இரண்டு தரம் ஊற்றுங்கள். தோண்டுமுன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவைக்கு அறிவித்து எரிவாயு, மின்கம்பி இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். அது இலவசம், சட்டமும்கூட. இரண்டாந்தரம் ஊற்றிய தண்ணீர் மளமளவென்று இறங்கினால் மேல்மண் நல்லது. மணிக்கணக்காக நின்றால் கீழே களி கிட்டத்தில் இருக்கிறது. அப்போது கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுவரிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி விடுங்கள், பேஸ்மென்ற் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் வேலை செய்கிறதா என்று பனிக்காலம் முடியுமுன் பாருங்கள். வளவு மலைமுகட்டின் அல்லது பள்ளத்தாக்கின் விளிம்பில் இருந்தால் அந்தத் தண்ணீரைச் சரிவுப் பக்கம் திருப்பவே வேண்டாம். அங்கே எது கட்டுவதானாலும் ரொறன்ரோ பிராந்திய இயற்கைப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் (TRCA) முதலில் கேளுங்கள்.

கத்தரிக்கு, மணலின் மேலே இருக்கும் இரண்டடி மண் போதும். கொம்போஸ்ற் தாராளமாகக் கலந்து, யூலையில் காலையிலேயே தண்ணீர் விடுங்கள். அடியில் மணல் இருப்பதால் அக்காவின் செடிகளைவிட உங்களுடையவை சீக்கிரம் வாடும்.