பொம்பெயியில் கிடைத்தவற்றில் உங்களை மிகவும் பாதித்த கண்டுபிடிப்பு எது?

கி.பி. 79ல் வெசுவியஸ் எரிமலை மூடிய இத்தாலிய ரோம நகரம் என்றதும் பலரும் அங்கே இறந்தவர்களின் வடிவில் எடுத்த பிளாஸ்டர் வார்ப்புகளைத்தான் சொல்வார்கள். என் பதில் வேறு. நகர மதிலுக்கு வெளியே, வடமேற்கில் சுமார் 700 மீட்டர் தள்ளி இருக்கும் சிவிதா ஜூலியானா பண்ணை மாளிகையில் 2021ல் வெளிப்பட்ட, அடிமைகள் தங்கியிருந்த ஒரு சின்ன அறை.

மொத்தமே 16 சதுர மீட்டர். மூன்று மரக்கட்டில்கள். இரண்டு 1.70 மீட்டர் நீளம், ஒன்று 1.40 மீட்டர்தான். அதனால் அங்கே ஒரு குழந்தையும் படுத்திருக்கலாம், குடும்பமாகவே இருந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மெத்தை கிடையாது, நம் கயிற்றுக் கட்டில் மாதிரி கயிறு பின்னி, மேலே ஒரு போர்வை. கட்டிலுக்கடியில் மூத்திரச் சட்டிகள், மூலையில் எட்டு ஆம்போராக்கள், அதாவது இரண்டு கைப்பிடி உள்ள மண்சாடிகள். வெளிச்சத்துக்கு உயரத்தில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். ஒரு கட்டில்மேல் வண்டியின் ஏர்க்கால் கிடந்தது. ஆக, அடிமைகள் தூங்கிய இடமே சாமான் போட்டு வைக்கும் அறையும்கூட. அதே ஆண்டுத் தொடக்கத்தில் வெண்கல அலங்காரத்தோடு கிடைத்த சடங்கு வண்டியும் இதே மாளிகையில்தான் இருந்தது. உலகம் முழுக்கப் படம் பரவியது அந்த வண்டிக்குத்தான்!

மரமும் கயிறும் துணியும் எப்படித் தப்பின என்று கேட்கலாம். அவை தப்பவில்லை. சூடான சாம்பல் சூழ்ந்து இறுகியது, உள்ளே இருந்தவை மக்கிப் போயின, அவற்றின் வடிவத்தில் வெற்றிடம் மட்டும் மிஞ்சியது. அதில் பிளாஸ்டர் ஊற்றி வார்ப்பு எடுக்கிறார்கள். 1863ல் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியொரெல்லி உடல்களுக்குச் செய்த அதே முறை. இங்கே போர்வையின் மடிப்புவரை பதிந்திருக்கிறது.

2023ல் பக்கத்து அறை ஒன்றும் வெளிவந்தது. அங்கே இரண்டு கட்டில்களில் ஒன்றுக்கு மட்டும் மெத்தை. சாடிகளுக்குள் எலிகளின் எலும்புகள். பூட்டோ சங்கிலியோ எதன் தடயமும் இல்லை. அடிமைகளுக்குள்ளேயே மேல் கீழ் என்று பிரித்து, ஒருவரை வைத்து மற்றவரைக் கட்டுப்படுத்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். என்னை உலுக்கியது இதுதான். ரோம அடிமைகளைப் பற்றி நம்மிடம் உள்ள எழுத்தில் பெரும்பகுதி எஜமானர்கள் எழுதியது. ஒரு மெத்தைக்காக அந்த அறைக்குள் என்னென்ன நடந்திருக்கும் என்பதை அவர்களில் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.