ஊசி அசைந்தால் மட்டும் போதாது: பழைய லைட் மீற்றர் வாங்குவோருக்கு

கேள்வி: காலஞ்சென்ற என் தந்தையார் வைத்திருந்த பிலிம் கமராவைத் திருத்தி எடுத்திருக்கிறேன். அதில் ஒளியை அளக்கும் மீற்றர் இல்லை. தெரிந்த ஒருவர் தம்மிடமுள்ள பழைய வெஸ்டன் மாஸ்டர் மீற்றரைத் தருவதாகச் சொல்கிறார். வெளிச்சத்தில் காட்டினால் ஊசி அசைகிறது, ஆகவே அது நன்றாக வேலை செய்கிறது என்பது அவர் வாதம். காசு கொடுக்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?
(வாசகி, உப்புவெளி)

பதில்: ஊசி அசைவதால், ஒளியை மின்சாரமாக்கும் கலம் முற்றாகச் செத்துவிடவில்லை என்பது மட்டுமே தெரியும், காட்டும் அளவு சரியா என்பது தெரியாது. வெஸ்டன் மாஸ்டரில் இருப்பது செலினியம் கலம். அதற்குப் பற்றரி தேவையில்லை என்பது பெரிய வசதிதான், ஆனால் ஈரம் உள்ளே போனால் கலம் மெல்ல மெல்ல வலுவிழந்து, இருக்கும் ஒளியைக் குறைத்தே காட்டும். கடற்காற்று படும் நம் ஊர் வீடுகளில் வருடக்கணக்காக அலுமாரியில் கிடந்த மீற்றரை நான் ஒருபோதும் சோதிக்காமல் வாங்கமாட்டேன்.

முதலில் கலத்தை உள்ளங்கையால் முழுதாக மூடுங்கள். ஊசி பூச்சியத்தில் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால், அதற்கென்றுள்ள சிறு திருகாணியால் திருத்தலாம். மீற்றரை மெதுவாகச் சாய்த்துப் பார்க்கும்போது ஊசி எங்காவது ஒட்டிக்கொண்டு பின்பு துள்ளினால், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்ததாக, நம்பத்தக்க டிஜிட்டல் கமரா ஒன்றை இரவல் வாங்கி, திறந்த நிழலில் சீராக வெளிச்சம் விழும் வெறுஞ்சுவர் ஒன்றை, இரண்டையும் ஐ.எஸ்.ஓ. (பிலிமின் ஒளியுணர்வு வேகம்) 100இல் வைத்து அளந்து பாருங்கள். உங்கள் நிழல் சுவரில் விழக்கூடாது. இரண்டும் சுவரின் ஒரே பகுதியைப் பார்க்க வேண்டும். இங்கே பலர் தவறவிடும் ஒரு விடயம் உண்டு: மாஸ்டர் வரிசையின் முந்திய மாதிரிகளின் வட்டில் இருப்பவை வெஸ்டன் வேக எண்கள். அவற்றில் 80 என்பதே இன்றைய 100. இதை அறியாமல் 100இல் வைத்துவிட்டு, நல்ல மீற்றரைப் பிழையென்று ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள்.

வெயிலைக்கொண்டும் சோதிக்கலாம். வாடை மழை ஓய்ந்த மாதங்களில், மேகமற்ற காலை ஒன்பது மணியளவில், சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்க, 18 சதவீதச் சாம்பல் அட்டையை அளந்தால், ஐ.எஸ்.ஓ. 100க்கு எஃப் 16 (வில்லைத் துவார அளவு), 1/125 செக்கன் என்பதற்கு அண்மையாக வர வேண்டும். உச்சி வெயிலில் இதைச் செய்யாதீர்கள்: சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது நிமிர்த்திப் பிடித்த அட்டையில் ஒளி சறுக்கியே விழும். நிலாவெளி மணலை நோக்கிப் பிடித்தும் முடிவு செய்யாதீர்கள்; வெண்மணலையும் சாம்பல் நிறமாக்கும் அளவைத்தான் மீற்றர் சொல்லும், அது மீற்றரின் குற்றமன்று.

ஆனால் நான் பெரிதும் வற்புறுத்துவது இரவில் செய்யும் சோதனையை. இருட்டறையில் சுவரில் வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி, மூடியில்லாத சிறு மின்குமிழை அதிலிருந்து 50 சென்ரிமீற்றர், 1 மீற்றர், 2 மீற்றர் தூரங்களில் வைத்து, ஒவ்வொரு முறையும் தாளை அருகிலிருந்து அளந்துகொள்ளுங்கள். தூரம் இருமடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகும். ஒளி பாதியாவதே ஒரு ஸ்டொப் குறைவு; அதாவது மீற்றர் ஒவ்வொரு முறையும் இரண்டு ஸ்டொப் குறைத்துக் காட்ட வேண்டும். மாஸ்டரின் பின்புறத்தில் துளையிட்ட மடிப்புத் தகடு ஒன்று இருக்கும். அது மூடியிருந்தால் கடும் ஒளிக்கான அளவுகோல், திறந்திருந்தால் மங்கல் ஒளிக்கான அளவுகோல். இரண்டிலும் அளக்கக்கூடிய இடைத்தர வெளிச்சத்தில் தகட்டைத் திறந்தும் மூடியும் பார்த்தால், இரு அளவும் ஒத்துவர வேண்டும்.

எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவில் பிழைக்கும் மீற்றரைத் தயங்காமல் வாங்கலாம். எப்போதும் ஒரு ஸ்டொப் குறைத்துக் காட்டுகிறதென்றால், 100 பிலிமுக்கு வட்டை 200க்குத் திருப்பினால் கணக்குச் சரி. வெயிலில் சரியாகவும் மங்கலில் இரண்டு ஸ்டொப் பிழையாகவும் காட்டுவதை இனாமாகத் தந்தாலும் வேண்டாம் என்பேன், ஏனெனில் அதை எந்தத் திருத்தத்தாலும் நம்ப முடியாது. மூன்றில் ஒரு ஸ்டொப் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இச்சோதனைகளுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். ஆகவே மூன்று நாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்று துண்டில் எழுதி வாங்கிய பின்பே காசைக் கொடுங்கள்.

கேள்வி: என் மினோல்ரா எஸ்.ஆர்.டி. 101இன் மீற்றர், புதிய அல்கலைன் பற்றரி போட்டதிலிருந்து கூட்டிக் காட்டுகிறது. மீற்றர் பழுதா?
(வாசகர், திருகோணமலை நகரம்)

பதில்: பெரும்பாலும் பற்றரிதான் காரணம். அந்தக் கமரா 1.35 வோல்ற் பாதரசப் பற்றரிக்காகச் செய்யப்பட்டது, அல்கலைன் 1.5 வோல்ற்றில் தொடங்கி, தேயத் தேய இறங்கும், ஆகவே பிழையும் ஒரே அளவில் நில்லாது. காது கேட்கும் கருவிக்கான 675 இலக்கத் துத்தநாக-வளிப் பற்றரியை ஒரு வளையத்துடன் பொருத்திப் பாருங்கள். அதன் மின்னழுத்தம் பாதரசப் பற்றரிக்கு நெருக்கமானது, முடியும்வரை பெரிதாக மாறாது. அதன் மேலுள்ள ஒட்டுத்தாளை உரித்தால் சில வாரங்களிலேயே முடிந்துவிடும் என்பதால், பிலிம் போடும் நாளில் மட்டும் உரியுங்கள்.